நான்கு விரல் பள்ளம்

கையால் படிக்கிறவர்கள் – 11

பேக்கரிக் கணக்கில் மைதாதான் எப்போதும் நூறு, மற்றதெல்லாம் அந்த நூற்றுக்கு இத்தனை என்பதைப் போன வாரமே பார்த்துவிட்டோம். மறுபடி அதற்குள் போகவில்லை. இந்த வாரம், கேட்டரிங் படிக்கிற பிள்ளைகள் பெரிய ஹோட்டல்களில் செய்யும் தொழிற்பயிற்சியைப் பற்றி எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். குறிப்பெல்லாம் எடுத்தாகிவிட்டது. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு கேட்டரிங் கல்லூரியின் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். அதிலிருந்து வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

மதுரையிலிருந்து அரை மணி நேர பஸ் பயணத்தில் இருக்கிறது அந்தக் கல்லூரி. பேக்கரி வகுப்பு எட்டு மணிக்கு. ஏழே முக்காலுக்கே குரூமிங் செக் தொடங்கிவிடுகிறது. நகம் வெட்டியிருக்கிறதா, முகம் மழித்திருக்கிறதா, ஏப்ரன் துவைத்துத் தேய்த்ததா, இடுப்பில் இரண்டு டஸ்டர் செருகியிருக்கிறதா என்று வரிசையில் நிற்கவைத்துப் பார்க்கிறார்கள். டஸ்டர் என்பது கரும்பலகை துடைக்கிற சமாச்சாரம் இல்லை. சூடான ட்ரேயைப் பிடிக்கிற தடித்த துணி. அது ஈரமாக இருந்தால் நீராவி கையைச் சுட்டுவிடும். அதனால் அதையும் தொட்டுப் பார்க்கிறார் வகுப்பு நடத்துகிற செஃப். ஒரு பையனுடைய டஸ்டர் ஈரமாக இருந்தது. "போய் மாத்திட்டு வாப்பா, அப்புறம் உள்ள வா" என்றார். திட்டவில்லை. பையன் ஓடினான்.

அன்றைக்குப் பாடம் பஃப் பேஸ்ட்ரி. முந்தைய நாளே பாதி வேலை முடித்து மாவை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார்கள். திறந்தால், பிளாஸ்டிக் தாளில் சுற்றிய செங்கல் செங்கலான மாவுக் கட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ரோல் நம்பர் எழுதிய சீட்டு. தாளுக்கு அடியில், மாவின் மேல், விரல்நுனியால் அமுக்கிய சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒரு கட்டியில் இரண்டு. இன்னொன்றில் நான்கு. யாரோ பதம் பார்க்க அமுக்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, பக்கத்தில் நின்ற மாணவியிடம் கேட்டேன்.

"இல்ல சார், அது கணக்கு" என்றாள்.

பஃப் மாவை மடிக்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஒரு மடிப்பு மடித்த மாவும் ஐந்து மடிப்பு மடித்த மாவும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டு மடிப்புக்கு ஒரு தடவை மாவைக் குளிரில் அரை மணி நேரம் ஓய்வெடுக்க விட வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் இன்னொரு வேலை வந்துவிடும், யாராவது கூப்பிடுவார்கள், திரும்பி வரும்போது இது எத்தனையாவது மடிப்பு என்பது மறந்துபோகும். அதற்காகத்தான் விரல் பள்ளம். இரண்டு மடிப்பு முடிந்தால் இரண்டு பள்ளம். வெளியே எடுத்து உருட்டுக்கட்டையால் தேய்க்கும்போது அவை அழிந்துபோகும். அடுத்த இரண்டு மடிப்பு முடிந்ததும் நான்கு பள்ளம். எழுதத் தெரியாதவரும் படிக்கலாம், வேறு மொழிக்காரரும் படிக்கலாம். பிரெஞ்சு அடுப்படிகளில் பரம்பரை பரம்பரையாக இருந்துவரும் வழக்கம் இது. அங்கே தொடங்கிய ஒரு குறி, சித்திரை வெயிலில், மதுரைப் பக்கத்து ஃப்ரிட்ஜுக்குள் பதினெட்டு மாவுக் கட்டிகளின் மேல் பதிந்து கிடக்கிறது. நான் ஃப்ரிட்ஜ் கதவை மூட மறந்து நின்றுவிட்டேன். "சார், கதவு" என்று அந்தப் பெண்தான் நினைவூட்டினாள்.

சரி, இது என்ன மடிப்பு? மைதாவில் தண்ணீர், உப்பு, கொஞ்சம் வெண்ணெய், சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பிசைந்து மாவாக்குகிறார்கள். தனியே வெண்ணெயை ஒரு பலகை போலத் தட்டிக்கொள்கிறார்கள். மாவைச் சதுரமாகத் தேய்த்து, வெண்ணெய்ப் பலகையை நடுவில் வைத்து, கடித உறையைப் போல நான்கு மூலையையும் மூடிவிடுகிறார்கள். இப்போது மேலே மாவு, நடுவில் வெண்ணெய், கீழே மாவு. அதை நீளமாகத் தேய்த்து, துண்டை மடிக்கிற மாதிரி மூன்றாக மடித்தால் ஒரு மடிப்பு. கால்வட்டம் திருப்பி வைத்து மறுபடி நீளமாகத் தேய்த்து மறுபடி மூன்றாக. மைதாவின் எடையில் பாதி எடைக்குக் கொழுப்பு போட்டால் அதற்கு ஆஃப் பஃப் என்று பெயர். சரிக்குச் சரி போட்டால் ஃபுல் பஃப். பஸ் ஸ்டாண்ட் பேக்கரியில் நாம் சாப்பிடுவது பெரும்பாலும் ஆஃப்.

வெண்ணெய் முதலில் ஒரே ஒரு அடுக்கு. மூன்றாக மடித்ததும் மூன்று. மறுபடி மடித்தால் ஒன்பது. அப்புறம் 27, 81, 243. ஆறாவது மடிப்பில் 729.

எழுநூற்று இருபத்தொன்பது! ஆறே தடவை மடித்ததற்கு! ஒவ்வொரு வெண்ணெய் அடுக்குக்கும் நடுவே மாவு இருக்கிறது, மேலும் கீழும் மாவு இருக்கிறது, ஆகவே மாவு அடுக்கு 730. மொத்தம் 1,459 அடுக்குகள். என் நோட்டில் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு, தப்பாகப் பெருக்கிவிட்டோமோ என்று இரண்டாம் தடவையும் போட்டேன். பத்து வயதிலிருந்து முட்டை பஃப்ஸ் சாப்பிடுகிறவன் நான். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் கண்ணாடிப் பெட்டிக்குள், அறுபது வாட் பல்பின் சூட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். பழைய செய்தித்தாளில் வைத்துக் கொடுப்பார்கள். முதல் கடியில் சட்டை முழுக்கச் சருகு கொட்டும். அந்தச் சருகை ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டே பஸ் ஏறியிருக்கிறேன். நான் தட்டிவிட்டது 3-இன் ஆறாம் அடுக்கு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் அடுக்குக்குறி நடத்தியபோது ஒரு பஃப்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தால் வகுப்பே மறந்திருக்காது.

இதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கடைசியில் மாவை மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துத்தான் சதுரம் வெட்டுகிறார்கள். மூன்று மில்லிமீட்டரை 1,459-ஆல் வகுத்தேன். ஒரு அடுக்கின் சராசரி கனம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு, அதாவது இரண்டு மைக்ரான். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். ஒரு முடியை முப்பது நாற்பது தாளாகச் சீவினால் அதில் ஒரு தாள் எவ்வளவு மெல்லிசோ, அவ்வளவு மெல்லிசு. மரக்கட்டையும் இரண்டு கையும் மட்டும் வைத்துக்கொண்டு பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் எட்டுகிற கனம் அது.

இங்கே செஃப் ஒரு விஷயம் சொன்னார். அதுதான் இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. கோதுமை மாவில் இருக்கும் ஸ்டார்ச் மணிகளில் பெரியவை இருபது மைக்ரானுக்கு மேலேயே இருக்கும். அடுக்கின் கனமோ இரண்டு. அடுக்கை விட அதற்குள் இருக்க வேண்டிய மணி பத்து மடங்கு பெரிது! அப்படியென்றால் காகிதத்தில் போடுகிற 1,459 என்ற கணக்கு மாவுக்குள் அப்படியே நடப்பதில்லை. மணி இருக்கும் இடத்தில் அடுக்கு புடைக்கும், சில இடத்தில் கிழியும், சில அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆறோடு நிறுத்துவதற்கு இதுவே காரணம். ஏழாவது, எட்டாவது என்று போய்க்கொண்டே இருந்தால் வெண்ணெய் தனி, மாவு தனி என்ற பிரிவே போய்விடும். இரண்டும் கலந்து, உதிர்கிற பிஸ்கட் மாதிரி ஏதோ ஒன்று வரும். பஃப் எழும்பாது.

மைக்ராஸ்கோப்பின் துணை எதுவும் இல்லாமல், மடித்துப் பார்த்து, வேகவைத்துப் பார்த்து, இன்னொன்று மடித்தால் கெட்டுவிடும் என்று கையாலேயே கண்டுபிடித்து ஆறில் நிறுத்தியிருக்கிறார்கள். லா வரேன் என்ற பிரெஞ்சு சமையற்காரர் 1651-ல் வெளியிட்ட புத்தகத்திலேயே இந்த அடுக்கு மாவு இருக்கிறது. ஸ்டார்ச் மணிக்கு அளவு எடுக்க ஆளில்லாத காலம். அந்த மணி எத்தனை பெரிது என்று கைக்குத் தெரிந்திருந்தது.

அடுப்பில் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு வரை தண்ணீர்தான். மாவிலும் தண்ணீர் உண்டு. 200 டிகிரிக்கு மேல் சூடேறிய ஓவனுக்குள் போனதும் தண்ணீர் ஆவியாகிறது. ஆவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். மேலே போக வழி தேடுகிற ஆவியை வெண்ணெய் பூசிய ஒவ்வொரு அடுக்கும் தடுக்கிறது. தடுத்து, தானும் தூக்கப்படுகிறது. ஈஸ்ட் இல்லை, பேக்கிங் பவுடர் இல்லை, சோடா இல்லை. வெறும் தண்ணீரின் பலத்தில் மூன்று மில்லிமீட்டர் மாவு ஆறேழு மடங்கு எழுந்து நிற்கிறது. பாதியில் ஓவன் கதவைத் திறந்தால் சூடு இறங்கி, வேகாத அடுக்குகள் அப்படியே படுத்துவிடும். "கண்ணாடி வழியாப் பாருங்க, கதவுல கை வைக்காதீங்க" என்று அன்றைக்கு மட்டும் நான்கு தடவை கேட்டேன்.

விளிம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேலே பொன்னிறமாக வர முட்டையடித்துப் பூசுகிறார்களே, அது வெட்டிய ஓரத்தில் வழிந்துவிட்டால் தீர்ந்தது. முட்டை வெந்து பசையாகி, நூற்றுக்கணக்கான அடுக்குகளையும் சேர்த்து ஒட்டிவிடும். அந்தப் பக்கம் மட்டும் எழாது. மொட்டைக் கத்தியால் வெட்டினாலும் இதே கதி. கத்தி அறுக்காமல் அமுக்கும், ஓரம் நசுங்கி மூடிக்கொள்ளும். கடையில் ஒரு பக்கம் சாய்ந்த பஃப்ஸைப் பார்த்தால், வெட்டியவர் அவசரப்பட்டார் அல்லது பிரஷ்ஷில் முட்டை அதிகம் எடுத்துவிட்டார் என்று இனிமேல் உங்களுக்கும் தெரியும்.

மதுரை வெயிலுக்கு வருவோம். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். அன்றைக்கு வெளியே வெயில் அதற்கு மேல். மடிக்கும்போது வெண்ணெய் 15, 16 டிகிரியில் இருந்தால்தான் மாவோடு சேர்ந்து வளைந்துகொடுக்கும். அதைவிடக் குளிர்ந்தால் சில்லுச் சில்லாக உடைந்து மாவைக் கிழிக்கும். சூடானால் எண்ணெயாகி மாவுக்குள் இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடம் மிகவும் குறுகல். லேபில் ஏசி போட்டிருந்தார்கள், மேடை பளிங்குக்கல், உருட்டுக்கட்டைகூட ஃப்ரிட்ஜிலிருந்து வந்தது. அப்படியும் ஒரு பையனுக்கு வெண்ணெய் ஓரத்தில் பிதுங்கிவிட்டது. உள்ளங்கைச் சூடு அதிகமாக இருக்கிற கை அவனுடையது. "உன் கை பிரெட்டுக்கு நல்ல கைப்பா, பஃப்புக்கு மட்டும் ஐஸ் தண்ணில நனைச்சிட்டு வா" என்றார் செஃப். கையின் சூட்டை வைத்துக்கூட ஒருவரை எந்த வேலைக்கு அனுப்பலாம் என்று பார்க்கிற வகுப்பு அது.

கடைக்காரர்களுக்கு ஏசியும் பளிங்கும் கட்டுப்படியாகாது. அதனால்தான் நம்மூர் பேக்கரிகளில் வெண்ணெய்க்குப் பதிலாகப் பேஸ்ட்ரி மார்ஜரினும் வனஸ்பதியும் வந்தன. அவை உருகுகிற சூடு நம் உடம்புச் சூட்டைவிட அதிகம். மடிக்க வசதி. ஆனால் வாயிலும் உருகாமல் மேல்தாடையில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்தும் நாக்கு அங்கேயே தடவிக்கொண்டிருக்குமே, அது இதுதான். பெரிய கேடு ட்ரான்ஸ் கொழுப்பு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் அதை மூன்று சதவீதத்துக்கும், 2022 ஜனவரியிலிருந்து இரண்டு சதவீதத்துக்கும் இறக்கியது. நல்ல காரியம். கல்லூரியில் இரண்டையும் செய்யவைக்கிறார்கள். ஒரு ட்ரே வெண்ணெய், ஒரு ட்ரே மார்ஜரின். இரண்டையும் தின்று பார்த்து ஜர்னலில் எழுத வேண்டும். உடம்புக்கு எது ஆகும் என்பதைச் சுவரில் ஒட்டிய வாசகமாகப் படிக்காமல் நாக்கால் படிக்கிறார்கள். எல்லாப் பள்ளியிலும் இப்படி ஒரு வகுப்பு இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பதினெட்டுப் பேரில் ஒருவன் கை மட்டும் தனியாகத் தெரிந்தது. மாவைத் தேய்க்கும்போது தோளிலிருந்து எடையை இறக்கினான். மற்றவர்கள் மணிக்கட்டால் அழுத்தித் திணறிக்கொண்டிருந்தார்கள். விருதுநகர்ப் பையன். அப்பாவுக்குப் பரோட்டாக் கடை.

"எத்தனை வயசுல மாவு பிசைய ஆரம்பிச்ச தம்பி?"

"ஏழாவது படிக்கிறப்ப இருந்து சார். ராத்திரி கடையில நிப்பேன்."

"பரோட்டாவுக்கும் அடுக்கு, இதுக்கும் அடுக்கு. எது கஷ்டம்?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான். "பரோட்டா நம்ம வேகத்துக்கு வரும் சார். இது அதோட வேகத்துக்கு நாம நிக்கணும்."

இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. பரோட்டா மாவை எண்ணெயில் ஊறவைத்து, கண்ணாடி போலத் தெரிகிற வரை வீசி, சுருட்டி, வட்டமாக்கிக் கல்லில் போடுகிறோம். சுட்டு முடித்ததும் இரண்டு கையாலும் அடிக்கிறோமே, அந்த அடிதான் அடுக்குகளைப் பிரித்துவிடுகிறது. அங்கே அடுக்கை எண்ணுவதில்லை, எண்ண வேண்டியதும் இல்லை. எண்ணெய் திரவமாக இருப்பதால் குளிரும் தேவையில்லை. வெயிலூரில் பிறந்த அடுக்கு அது. பஃப் குளிரூரில் பிறந்த அடுக்கு. இரண்டையும் ஒரே பையன் கை அறிந்திருக்கிறது. செஃப் அவனை முன்னால் அழைத்து, தோளிலிருந்து எடை இறக்குவது எப்படி என்று மற்றவர்களுக்குக் காட்டச் சொன்னார். அவன் காட்டினான். அப்பா கடை மேடையில் கற்றது, கல்லூரி மேடையில் பாடமாகிவிட்டது. அவன் காது மடல் சிவந்துவிட்டது.

வர்க்கியைச் சொல்லாமல் போனால் நீலகிரி வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஊட்டி வர்க்கியும் மடித்துச் செய்கிற அடுக்குப் பண்டம்தான். அதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் புளித்த மாவைப் பற்றி மட்டுமே ஒரு அத்தியாயம் எழுத வேண்டும். எழுதுவேன்.

விரல் பள்ளத்தில் தொடங்கி எங்கெங்கோ போகிறேன் என்று தெரிகிறது. ஆனால் பேஸ்ட்ரி என்று வந்தபின் கரேமைத் தொடாமல் நகர முடியாது. அந்தோனன் கரேம், 1784 வாக்கில் பாரிசில் பிறந்தவர். பெரிய குடும்பம், தாங்க முடியாத வறுமை. சின்ன வயதிலேயே வீட்டிலிருந்து வெளியே அனுப்பப்பட்டு, ஒரு மலிவான சாப்பாட்டுக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். பதின்ம வயதில் பாய் என்ற புகழ்பெற்ற பேஸ்ட்ரிக்காரரிடம் போனார். கடை தேசிய நூலகத்துக்குப் பக்கத்தில். முதலாளி நல்ல மனிதர். பையனுக்கு வரைவதில் ஆசை என்று பார்த்து, நூலகத்துக்குப் போக நேரம் கொடுத்தார். கரேம் அங்கே உட்கார்ந்து கோயில்கள், மண்டபங்கள், இடிபாடுகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். திரும்பி வந்து அவற்றைச் சர்க்கரையிலும் மாவிலும் கட்டினார். பிற்காலத்தில் பிரெஞ்சு ராஜதந்திரி தாலிரானுக்கும், நான்காம் ஜார்ஜ் மன்னராகப் போகிற இங்கிலாந்து இளவரசருக்கும், வங்கியாளர் ரோத்ஸ்சைல்ட் வீட்டுக்கும் சமைத்தார். 1815-ல் பேஸ்ட்ரிக்கென்றே புத்தகங்கள் வெளியிட்டார். 1833-ல் இறந்தார்.

இவருக்குக் கல்லூரி இல்லை. ஆனால் நூலகத்துக்குப் போ என்று நேரம் ஒதுக்கிக்கொடுத்த ஒரு முதலாளி இருந்தார். கரேமுக்கு அதிர்ஷ்டத்தில் கிடைத்தது, விருதுநகர்ப் பையனுக்கு டைம்டேபிளில் கிடைக்கிறது. காலையில் மாவு, மதியம் ஊட்டச்சத்து, சுகாதாரம், உணவுச் செலவுக் கணக்கு, கொஞ்சம் பிரெஞ்சு. தொழிற்கல்லூரி செய்கிற வேலையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: கையில் வேலை இருக்கிறவனுக்கு அது படிக்க நேரம் கொடுக்கிறது.

நம் நாட்டில் இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடியபோது இன்னொரு ஆச்சரியம். ஆடம்பர ஹோட்டல்களுக்கு ஆள் வேண்டும் என்று வந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை. பஞ்சத்திலிருந்து வந்தது. சுதந்திரம் கிடைத்த புதிதில் அரிசிக்கும் கோதுமைக்கும் நாடு தவித்தது. உணவு அமைச்சராக இருந்த கே.எம்.முன்ஷியின் மனைவி லீலாவதி முன்ஷி பெண்களைத் திரட்டி அகில இந்திய மகளிர் உணவுக் குழுவை நடத்தினார். தானியம் குறைத்து, கிழங்கும் காய்கறியும் கொண்டு வயிறு நிறையச் சமைக்கலாம் என்று காட்டுவதற்காக அன்னபூர்ணா என்ற பெயரில் மலிவு உணவகங்களைத் திறந்தார்கள். அந்தக் குழுவின் முயற்சியில்தான் 1954-ல் பம்பாயில் கேட்டரிங் கல்லூரி வந்தது. இன்றைக்கும் சென்னை தரமணியில் இருக்கிற மத்திய அரசு நிறுவனத்தின் முழுப் பெயரைப் பாருங்கள். ஹோட்டல் மேலாண்மை, கேட்டரிங் தொழில்நுட்பம் என்று போய், 'பயன்பாட்டு ஊட்டச்சத்தியல்' என்று முடியும். அந்தக் கடைசிச் சொல், பசியின் காலத்தில் போட்ட விரல் பள்ளம். பிறகு 1982-ல் இந்தக் கல்லூரிகளுக்கெல்லாம் பொதுவாகத் தேசியக் குழு ஒன்று அமைந்தது, சுற்றுலாத் துறையின் கீழ். சொல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

என் அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் கேட்டரிங் சேர்கிறேன் என்றபோது வீட்டில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். நல்ல மார்க். "சமையல் படிக்கவா காலேஜுக்குப் போகணும்? நம்ம வீட்டு அடுப்படியிலேயே நில்லேன்" என்றார் ஒரு பெரியவர். கூடத்தில் பத்துப் பேர் சிரித்தார்கள். அதே கூடத்தில், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால், நாற்பது வருஷமாக அந்த வீட்டுக்குச் சமைத்த என் அம்மா நின்றுகொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு அவனை மட்டும் குத்தவில்லை. அம்மா எதுவும் பேசாமல் உள்ளே போனார். இரவு அவனைத் தனியே கூப்பிட்டு, "நீ போடா. நான் செஞ்சதுக்கெல்லாம் என்ன பேருன்னு கேட்டுட்டு வந்து சொல்லு" என்றார். அவன் சேர்ந்தான். முதல் செமஸ்டர் லீவில் வந்து, பாட்டி தோசைக்கு அரைத்துப் புளிக்கவைப்பதில் என்னென்ன நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என்று படம் வரைந்து காட்டினான். அம்மா அந்தத் தாளை மடித்து அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

சேர்க்கை வழிகளைக் கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் 'பேக்கர் அண்ட் கன்ஃபெக்‌ஷனர்' என்று ஓராண்டுப் பயிற்சி உண்டு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு பேக்கரிக்கென்று தனி டிப்ளமோவும் இருக்கிறது, மூன்று ஆண்டுப் பட்டமும் இருக்கிறது. மத்திய அரசு நிறுவனங்களின் பட்டப்படிப்புக்குத் தேசிய அளவில் நுழைவுத்தேர்வு உண்டு. திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் கல்லூரி இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் கட்டணத்தைக் கேட்பதற்கு முன்னால் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஓவனில் கரி படிந்திருக்கிறதா, மேடை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புத்தம் புதிதாகப் பளபளத்தால் அங்கே யாரும் சமைப்பதில்லை. ஃப்ரிட்ஜையும் திறந்து பாருங்கள்.

பதினொன்றரை மணிக்கு முதல் ட்ரே வெளியே வந்தது. "அது கணக்கு" என்று சொன்ன பெண்ணின் ட்ரே. பன்னிரண்டு துண்டில் பத்து, நெட்டுக்குத்தாக, புத்தகத்தை நிமிர்த்தி வைத்தது போல எழுந்திருந்தன. ஓரத்தில் அடுக்குகள் தெரிந்தன. எண்ண முயன்றேன், நாற்பதுக்கு மேல் கண் தவறியது. இரண்டு துண்டுகள் இடது பக்கம் சாய்ந்திருந்தன. அவள் அவற்றை மட்டும் கையில் எடுத்து ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். மஞ்சளாக, கண்ணாடி போல ஒரு பூச்சு பெயர்ந்து வந்தது. முட்டை.

"வழிஞ்சிருச்சு செஃப்."

"எத்தனை?"

"ரெண்டு."

"எழுதும்மா."

அவள் ஜர்னலை எடுத்து, தேதிக்குக் கீழே, மைதா, வெண்ணெய், தண்ணீர் எடைகளுக்கும் கீழே, 'பிரஷ்ஷை வழித்துவிட்டுப் பூச வேண்டும்' என்று எழுதினாள். பிறகு அந்தச் சாய்ந்த இரண்டில் ஒன்றை எனக்குக் கொடுத்தாள். சட்டையில் சருகு கொட்டியது. தட்டவில்லை.

தொழிற்பயிற்சி அடுத்த வாரம். அதிகாலை மூன்றரை மணிக்கு சென்னை ஹோட்டல் ஒன்றின் பின்வாசலில் பஞ்ச் கார்டோடு நிற்கிற மூன்று மாணவர்களை அங்கே சந்திப்போம். அதில் ஒருவர் முதல் மாதம் முழுக்க முட்டை உடைத்தது மட்டும்தான்.